கட்டுமரமும் காற்றும்: ஒரு பாய்மரப் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் கடல் தொழில் செய்வோரின் பிள்ளைகள். மீதிப் பேரில் பலர் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ‘விசையும் அழுத்தமும்’ பாடம் நடத்தும்போது இந்தப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அதே பிள்ளைகள் இடைவேளையில் மைதானத்தில் நின்று, “இன்னைக்குக் காத்து மாறிட்டு, அப்பா சீக்கிரம் கரைக்கு வந்துருவாங்க” என்று பேசிக்கொள்வார்கள். காற்றின் திசை, வேகம், நீரோட்டம் ஆகியவற்றை அன்றாடம் கணக்குப் போடும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, நிகர விசை என்ற சொல் மட்டும் ஏன் அந்நியமாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் பாய்மரப் பந்தயத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரும் எண்ணம் பிறந்தது.

உலகின் பல கடற்கரை ஊர்களில் பாய்மரப் படகுக் குழுக்கள் வசந்த காலத்தில் வாரந்தோறும் பந்தயம் நடத்துகின்றன. நம் மாநிலத்திலும் இந்த மரபு புதிதல்ல. சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அன்றைய துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1912இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜனை ஊக்குவித்த மேலதிகாரி இவர்தான். நம் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில் தொண்டி, நம்புதாளை போன்ற ஊர்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி மீனவர்களே பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். இந்த இரண்டு உலகங்களுக்கும் அடிப்படை அறிவியல் ஒன்றுதான்.

பெயரைப் பற்றிய தெளிவு

வகுப்பில் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது பெயரை. ‘கட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து வந்தது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரங்களை இந்தப் பெயரிட்டே குறிப்பிடுகிறார். இதை வைத்துக்கொண்டு, “இன்றைய இரட்டை உடல் படகைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள்” என்று விழா மேடைகளில் பேசுகிறோம். அது சரியல்ல. நம் கட்டுமரம் எடை குறைந்த மரங்களை நெருக்கமாக அடுக்கிக் கயிற்றால் கட்டியது. அதில் தண்ணீர் புகுந்தாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும். மரத்தின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால் மூழ்காது. இரண்டு தனித்தனி ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குக் கட்டைகளால் இணைக்கும் முறை பசிபிக் தீவு மக்களுடையது. ஐரோப்பியர்கள் பின்னாளில் அந்த வடிவத்துக்கு நம் பெயரைச் சூட்டிவிட்டார்கள். சொல் நம்முடையது, வடிவம் அவர்களுடையது. பிள்ளைகளிடம் இதை உள்ளபடியே சொல்வது நல்லது. கட்டுமரத்தின் பெருமை அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரட்டை உடல் படகு பந்தயத்துக்குள் நுழைந்த கதையும் சுவையானது. 1876இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ‘அமரில்லிஸ்’ என்ற படகோடு நியூயார்க் பந்தயத்தில் இறங்கி மற்றவர்களை எளிதாக முந்தினார். விளைவு, அந்த வகைப் படகுகளுக்கே பந்தயத்தில் தடை போட்டுவிட்டார்கள்! 1960களின் இறுதியில் ஹோபி ஆல்ட்டர் என்ற கலிபோர்னியக்காரர் கடற்கரை மணலிலிருந்தே இறக்கக்கூடிய எளிய படகுகளை உருவாக்கிய பிறகு இவை உலகெங்கும் பரவின. அவரது ஹோபி 16 படகு சுமார் 5 மீட்டர் நீளமும் 145 கிலோ எடையும் கொண்டது, இருவர் ஓட்டுவது.

காற்றைப் படித்தல்

பந்தயத்துக்கான தயாரிப்பு படகிலிருந்து தொடங்குவதில்லை, காற்றிலிருந்து தொடங்குகிறது. பங்குனி, சித்திரை மாதங்கள் வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத இடைக்காலம். ஆனி, ஆடியில் நம் ஊரில் மண்ணை வாரி இறைக்கும் கச்சான் காற்று அப்போது இருக்காது. நிலக்காற்றும் கடற்காற்றும் பாடநூலில் படம் போட்டதுபோல ஒழுங்காக மாறி மாறி வீசும். அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு. வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து நிலத்துக்கு.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு இந்த மாதங்களில் நடந்ததற்கும் இதுவே காரணம். கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் காலம் அது. நிலக்காற்றைப் பிடித்து இருட்டிலேயே பாய் விரித்துப் பார்களுக்குப் போவார்கள். குளித்து முடித்து, பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்புவார்கள். எஞ்சின் இல்லாத அந்தப் படகுக் கூட்டத்துக்கு இயற்கையே போக ஒரு காற்று, வர ஒரு காற்று கொடுத்தது. நம் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இன்றைய பிள்ளைகளின் தாத்தாக்களில் சிலருக்காவது அது நினைவிருக்கும். நிலக்காற்று, கடற்காற்று பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மணலையும் தண்ணீரையும் கிண்ணத்தில் சூடாக்கும் சோதனையோடு பாடத்தை முடித்துவிடுகிறோம்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டும் என்பதில்லை. பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த அளவுகோல் கடலைப் பார்த்தே வேகத்தை மதிப்பிடச் சொல்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரைத் தலைகள் தெரிந்தால் மூன்றாம் நிலை, அதாவது 7 முதல் 10 நாட். நுரைத் தலைகள் அடிக்கடி தெரிந்தால் நான்காம் நிலை, 11 முதல் 16 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பாயின் மீது காற்று தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 8 நாட் காற்றில் சிரித்துக்கொண்டே போனவர்கள் 16 நாட்டில் தலைகீழாகக் கவிழ்வது இதனால்தான்.

நம் பிள்ளைகளுக்குத் துறைமுகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்கள் அத்துபடி. அதோடு ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) வெளியிடும் அலை உயர, காற்று முன்னறிவிப்பையும் வாரம் ஒருமுறை வகுப்புப் பலகையில் எழுதச் செய்தேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் செய்ததை இந்தக் கரை மறக்கவில்லை. முன்னறிவிப்பைப் படிப்பதை எங்கள் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கான வேலையாக நினைப்பதில்லை.

படகைப் பூட்டுதல்

கரையில் பிரித்து வைத்திருக்கும் படகைப் பந்தயத்துக்குப் பூட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். இரண்டு உடல்களையும் குறுக்குத் தண்டுகள் அசையாமல் பிடித்திருக்கின்றனவா, நடுவில் கட்டிய வலைவிரிப்பு தொய்யாமல் இருக்கிறதா, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் ஊசிகள் பூட்டப்பட்டுள்ளனவா, சுக்கான் தடையில்லாமல் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. உடல்களின் பின்புறம் தண்ணீர் வடிக்க ஒரு துளை இருக்கும். அதன் அடைப்பானை மாட்டாமல் கடலில் இறங்குவது உலகெங்கும் நடக்கும் கூத்து. பிறகு உயிர்காப்பு உடை, கவிழ்ந்தால் படகை நிமிர்த்தும் கயிறு.

பாயை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் ஓட்டுநரின் கலை. நம் ஊர்ப் பெரியவர்கள் பாயின் கீழ்முனைக் கயிற்றைத் ‘தாமான்’ என்பார்கள். படகின் முன்பகுதி அணியம். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் பாடநூல் சொற்களை எழுதினால் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் சொல் மாறும். அதையும் சேகரிக்கச் சொல்லலாம், தமிழாசிரியர் கைகொடுப்பார்.

காற்றை எதிர்த்துப் படகு எப்படிப் போகிறது? இது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னால் பீறிட்டுப் பாய்கிறது அல்லவா? பாயின் மீது காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது. நீருக்குள் இருக்கும் பலகையோ படகின் உடலோ பக்கவாட்டில் நகரவிடாமல் மறுபக்கம் தடுக்கிறது. எஞ்சிய வழி முன்னோக்கி மட்டுமே. பாய் கட்டிய கட்டுமரத்திலும் இதற்காகவே நீருக்குள் பலகை இறக்குவார்கள். ஆனாலும் நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் போகாது. சுமார் 45 பாகை சாய்வாக ஒரு பக்கம் போய், திரும்பி மறுபக்கம் 45 பாகையில் வர வேண்டும். நேராக 1 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மிதவையை இப்படி அடைய எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். பிதாகரசு தேற்றத்தைப் போட்டு 1.41 கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தார்கள். “ரெண்டு தடவை திரும்பினாலும் பத்துத் தடவை திரும்பினாலும் தூரம் ஒண்ணுதானே டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி. ஒன்றுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும் என்பதால் கட்டமரான் ஓட்டுபவர்கள் திருப்பங்களைக் குறைத்துக்கொள்வார்கள் என்றேன்.

சமநிலை பற்றி ஒரு பத்தி. பந்தயத்தில் துணைவர் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே தொங்குவார். காற்று படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது; அவருடைய எடை அதை எதிர்க்கிறது. ஹோபி 16 படகின் அகலம் சுமார் 2.4 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் காற்று வரும் பக்க ஓரத்தில் உட்கார்ந்தால், மறுபக்க உடலை மையமாகக் கொண்ட திருப்புத்திறனை 60 × 2.4 = 144 என்று வைத்துக்கொள்ளலாம். அவரது உடல் மையம் இன்னும் ஒரு மீட்டர் வெளியே போனால் 60 × 3.4 = 204. ஒரு கிலோகூடக் கூடாமல் எதிர்ப்பு இவ்வளவு உயர்கிறது. தொண்டிப் பக்கத்துப் படகுகளில் இதே வேலையைக் காற்று வரும் பக்கமாக நீட்டிக் கட்டிய ஒரு பலகை செய்கிறது. அதன்மேல் ஆட்கள் ஏறி உட்கார்வார்கள். தூத்துக்குடியில் முத்து, சங்குத் துறையை மேற்பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் பாக் விரிகுடாப் படகுகளின் இந்தப் பலகையைப் பதிவு செய்திருக்கிறார்.

ஐந்து நிமிடங்கள்

ஓட்டப்பந்தயம்போல நின்ற இடத்திலிருந்து படகுப் பந்தயம் தொடங்க முடியாது; கடலில் படகு நிற்காது. அதனால் உலகம் முழுவதும் ஒரே முறை. தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன் ஒரு கொடி ஏறும். 4 நிமிடம் முன் இரண்டாவது கொடி. 1 நிமிடம் முன் இரண்டாவது கொடி இறங்கும். முதல் கொடி இறங்கும் நொடியில் பந்தயம் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒலியும் எழுப்புவார்கள். ஆனால் கணக்கில் கொள்வது கொடியைத்தான், ஒலியை அல்ல. ஏன்? நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலி ஏறக்குறைய 3 நொடி தாமதமாகக் கேட்கும். கோட்டை முன்கூட்டியே தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

வெவ்வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடும்போது யார் வென்றார் என்பதற்கு விகிதக் கணக்கு உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீட்டெண். வேகமான வகைக்குச் சிறிய எண். ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை: முதல் படகின் எண் 800, நேரம் 48 நிமிடம், திருத்திய நேரம் 60. இரண்டாம் படகின் எண் 1000, நேரம் 57 நிமிடம். திருத்திய நேரமும் 57. ஒன்பது நிமிடம் பின்னால் வந்த படகுதான் வெற்றி! இது நியாயமா என்று வகுப்பில் அரை மணி நேரம் சண்டை நடந்தது. நான் குறுக்கிடவில்லை.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் விதி. ஆபத்தில் இருக்கும் யாருக்கும், எந்தப் படகுக்கும் இயன்ற உதவியைச் செய்தாக வேண்டும். அப்படி உதவியதால் பின்தங்கியவர், இழந்த இடத்துக்கு ஈடு கேட்கலாம்; நடுவர் குழு மதிப்பெண்ணைத் திருத்தும். பக்கத்துப் படகின் எஞ்சின் நின்றுவிட்டால் வலையை விட்டுவிட்டுக் கட்டி இழுத்து வரும் தந்தைகளின் பிள்ளைகளுக்கு இந்த விதியை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

உப்பளப் பாத்தியில் பந்தயம்

மாணவர்களைக் கடலில் இறக்கும் எண்ணம் எனக்கு எந்நாளும் இல்லை. அதற்கு உரிமம் பெற்ற பயிற்சியாளரும் மீட்புப் படகும் வேண்டும். நாங்கள் செய்தது மாதிரிப் படகுப் பந்தயம். பள்ளிக்கு அருகே உப்பளத்தில் கடல்நீர் தேக்கும் பாத்தி ஒன்று, முழங்கால் அளவுக்கும் குறைவான தண்ணீர். உரிமையாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று, பங்குனியில் நான்கு வெள்ளிக்கிழமைகள் கடைசிப் பாடவேளையில் நடத்தினோம். கடற்காற்று நன்றாக ஏறியிருக்கும் நேரம் அது. எட்டுக் குழுக்கள். காய்ந்த பனைமட்டையில் இரண்டு உடல்கள், மூங்கில் குச்சியில் குறுக்குத் தண்டு, பழைய வேட்டித் துணியில் பாய், உடைந்த அளவுகோல் துண்டில் நீர்ப் பலகை. தெர்மாகோல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பாத்தியில் உதிர்ந்தால் உப்பில்தான் சேரும்.

முதல் வாரம் இரண்டு உடல்களையும் ஒட்டி வைத்த படகுகள் கவிழ்ந்தன. இரண்டாம் வாரம் எல்லோரும் இடைவெளியைக் கூட்டினார்கள். மிக அதிகமாகக் கூட்டிய குழுவின் மூங்கில் வளைந்து படகு தறிகெட்டு ஓடியது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் எல்லோருக்கும் பாயைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். “ரொம்ப இறுக்குனா காத்து முட்டி நிக்கும். கொஞ்சம் விட்டாத்தான் ஓடும்” என்றான். அதை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லி, இன்னொருவர் பலகையில் எழுத, அந்த வார அறிக்கை ஆயிற்று. மறு வாரம் அவனே பாதியை எழுதினான். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் அவன் பள்ளிக்கு வருவது அபூர்வம். நான்கு வாரமும் வந்தான்.

மதிப்பெண்ணும் பந்தய முறைப்படியே. முதல் இடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு 2. முடிக்காத படகுக்கு எட்டுடன் ஒன்று கூட்டி 9. நான்கில் மிக மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு, கூட்டல் குறைவாக உள்ளவர் வெற்றி. ஒரு வாரம் சொதப்பினாலும் போட்டியில் நீடிக்கலாம் என்பது தெரிந்ததும் யாரும் பாதியில் விட்டுப் போகவில்லை.

உப்பளம் இன்னொரு பாடத்தையும் இலவசமாகத் தந்தது. கடல்நீர் சுமார் 3 டிகிரி, உப்பு விளையும் நீர் 25 டிகிரிக்குப் பக்கம் என்று உப்பளத் தொழிலாளர்கள் கருவி வைத்துச் சொல்வார்கள். அது வெப்பநிலை அல்ல, அடர்த்தியைக் காட்டும் போமே அளவு. ஒரே படகைக் கடல்நீர்ப் பாத்தியிலும் உப்பு விளையும் பாத்தி நீர் நிரப்பிய வாளியிலும் மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொடும் இடத்தில் கோடு போடச் சொன்னோம். கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.025 கிராம், உப்பு விளையும் நீருக்கு ஏறக்குறைய 1.2 கிராம். கோடு கீழே இறங்கியதை உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள்தான் தன் தாயிடம் கேட்டறிந்த டிகிரிக் கணக்கோடு விளக்கினாள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் இல்லை. வென்ற குழுவின் தலைவி ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளுடைய தாத்தா கொழும்புக்குப் பாய் விரித்துத் தோணி ஓட்டியவர். “பொட்டப் பிள்ளைக்குப் பாய் கட்டுறது எதுக்கு?” என்று ஆச்சி கேட்டாராம். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்பதையும், டோக்கியோவிலும் பாரிசிலும் போட்டியிட்டார் என்பதையும் வகுப்பில் படம் காட்டிச் சொன்னேன். 2016 முதல் ஒலிம்பிக்கில் உள்ள நாக்ரா 17 என்ற கட்டமரான் பிரிவில் ஒவ்வொரு படகிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் ஓட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். அடுத்த வாரம் தாத்தாவே பாத்தி வரப்பில் வந்து நின்றார். பேத்தியின் படகைக் கையில் எடுத்துப் பார்த்து, பாய்மரம் அரை அங்குலம் முன்னால் போக வேண்டும் என்றார். அவள் அளவுகோலை எடுத்து வந்தாள்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரிய நண்பர்கள் உப்பளம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். காற்று படுகிற ஆழமற்ற தொட்டி போதும். 6 முதல் 8 வகுப்பு வரை வானவில் மன்ற நேரத்தைப் பயன்படுத்தலாம். கடற்கரைப் பள்ளிகளில் பிப்ரவரியிலேயே படகு செய்யத் தொடங்கினால் ஆண்டுத் தேர்வுக்கு முன் நான்கு வாரம் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். பாய் கட்டத் தெரிந்த பெரியவர்களைப் பள்ளிக்கு அழைக்க அது தோதான நேரம், ஆனால் அப்போது பள்ளி விடுமுறை நெருங்கிவிடும். நாங்கள் இந்த ஆண்டு அவர்களை மார்ச் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்றே அழைத்திருக்கிறோம். ஊரில் மிச்சமிருக்கும் பழைய பருமல் ஒன்றை எடுத்து வருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதன் நீளத்தை அளந்து, பாயின் பரப்பைக் கணக்கிடுவது எட்டாம் வகுப்பின் பொறுப்பு.